முப்பத்திரண்டு வியாழக்கிழமைகள்

ஓடிக்கொண்டிருக்கும் டிவியை நிறுத்த முடியும் என்று சொன்னால் யாரும் உடனே நம்புவதில்லை. ரிமோட்டைக் கையில் எடுத்து, செய்தி வாசிக்கிற பெண்ணை வாயைத் திறந்தபடியே நிறுத்திக் காட்ட வேண்டும். அப்படியே அரை நிமிடம் விட்டுவிட்டு, "இப்ப நீங்க போய் பாலைக் காய்ச்சி இறக்கி வெச்சுட்டு வாங்க, அந்தம்மா வாயை மூடாம காத்துக்கிட்டு இருப்பாங்க" என்பேன். வீட்டில் ஒருத்தராவது சிரிப்பார். சிரித்துவிட்டால் பெட்டி விற்றுப்போனது என்று பொருள். ஏழு வருஷமாக இதே ஜோக்தான். என் மனைவி ஒரு தடவை கேட்டுவிட்டு, "இதுக்கா உங்களுக்குச் சம்பளம் தர்றாங்க?" என்றாள்.

ரெக்கார்டர் பெட்டியை வீடுகளில் மாட்டுவது என் வேலை. மாட்டுவது, பழுது பார்ப்பது, வேண்டாம் என்றால் கழற்றிக்கொண்டு வருவது. ஆபீஸில் எனக்கு 'ரிமோட்' என்று பேர். மேனேஜர் அமுக்கினால்தான் நகர்வேனாம். வாடிக்கையாளர் வீட்டில் மட்டும் என் வாய் தானாகவே ஓடும். சீரியல் நேரத்துக்கு வேலையை விட்டு ஓடிவர வேண்டாம், அது பாட்டுக்குப் பதிந்து வைக்கும். ஒரு சேனலைப் பார்த்துக்கொண்டே இன்னொன்றைப் பிடித்து வைக்கலாம். விளம்பரத்தைத் தாண்டலாம். கோல் விழுந்தபோது கொட்டாவி விட்டிருந்தால் திரும்பப் போய்ப் பார்க்கலாம். இவ்வளவையும் மூச்சு விடாமல் சொல்லிவிட்டுத்தான் தண்ணீரே கேட்பேன்.

அந்த வீட்டில் மட்டும் என் ஜோக்குக்கு யாரும் சிரிக்கவில்லை.

டயர் கடைக்கு மேலே மூன்றாவது மாடி. படிக்கட்டு முழுக்க ரப்பர் வாடை. கதவைத் திறந்தவர் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். முப்பத்தொரு வருஷ சர்வீஸ் என்பதை அவர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. "உள்ள போங்க, உள்ள போங்க, வாசல்ல நிக்காதீங்க" என்று, நான் ஒருத்தன் வந்ததற்கு நாற்பது பேரை ஏற்றுகிற குரலில் சொன்னார். முன்னறையில் டிவி, ஒரு சாய்வு நாற்காலி, ஒரு ஸ்டூல், ஜன்னலை ஒட்டி இஸ்திரி மேஜை. அவருடைய மருமகள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரி லாண்டரியில் வேலை. படுக்கை விரிப்புகளைச் சூடான உருளைக்குள் கொடுத்து வாங்குகிற மெஷினில் நிற்பவள். இரண்டு முன்னங்கைகளிலும் கோடு கோடாகச் சூட்டுத் தழும்புகள்.

நான் செய்திக்காரப் பெண்ணை நிறுத்தினேன். பால் ஜோக்கைச் சொன்னேன். அவள் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பின்னாடி போகுமாண்ணா?"

"போகும்மா. எவ்வளவு வேணும்னாலும்."

"ஒரு செகண்டு வந்துட்டுப் போனா? கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள?"

"அதைப் பிடிச்சுத் தரத்தானேம்மா நான் வந்திருக்கேன்" என்றேன். என்னமோ நானே பெட்டிக்குள் உட்கார்ந்து பிடித்துத் தரப்போகிறவன் மாதிரி.

அவள் கண்டக்டரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டினார். "மாட்டுங்க தம்பி" என்றார்.

விஷயத்தை அவளே சொன்னாள். நான் கம்பியை ஜன்னல் வழியாக இழுத்துக்கொண்டிருந்தபோது, வேலை செய்கிற ஆளின் முதுகைப் பார்த்துப் பேசுவது சுலபம் என்பதாலோ என்னவோ.

அவள் கணவன் தகர மூடி அடிக்கிற பட்டறையில் பிரஸ் ஓட்டியவன். ஒருநாள் பிரஸ் இறங்கி வலது கை ஆள்காட்டி விரலில் பாதி போய்விட்டது. விரல் ஆறியது, ஆள் ஆறவில்லை. கையைப் பாக்கெட்டை விட்டு எடுக்க மாட்டான். யார் முன்னாலும் சாப்பிட மாட்டான். ஆறு மாதம் அப்படி இருந்துவிட்டு, ஒரு திங்கட்கிழமை வேலைக்குப் போனவன் திரும்பவில்லை. வாய்க்கால் பாலத்தில் சைக்கிள் நின்றது. ஹேண்டிலில் சாப்பாட்டு டப்பா, திறக்காமல். இரண்டு நாள் வாய்க்காலில் தேடினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை.

"எல்லாரும் போயிட்டாருன்னு சொன்னாங்க. நானும் ரெண்டு வருஷம் கழிச்சு சரின்னு ஒத்துக்கிட்டேன்" என்றாள். "எங்க அக்கா அவங்க ஊருக்கு வந்துருன்னு கூப்பிட்டா. அங்க ஹாஸ்டல்ல வேலை பார்த்து வெச்சிருக்கா. பையெல்லாம் கட்டிட்டேன். போன வியாழக்கிழமை சாயங்காலம், மாமா டிவி பார்த்துட்டு இருந்தாங்க. மேடையில நின்னு ஜோக் சொல்வாங்களே, அந்த ப்ரோக்ராம். கூட்டம் சிரிக்கறதைக் காட்டினாங்க. அதுல இருந்தாருண்ணா."

"யாரு?"

"அவர்தான். சிரிச்சாரு, கை தட்டினாரு, போயிட்டாரு. நான் அப்படியே மாமாவைப் பார்த்தேன். மாமா, அது அவர்தானேன்னு கேட்டேன். மாமாவும் அவன்தாம்மான்னாங்க."

கண்டக்டர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "அவன்தான் தம்பி. என் பிள்ளையை எனக்குத் தெரியாதா?" என்றார்.

அன்றைக்கு அவள் கட்டின பையைப் பிரித்தாள். மறுநாள் எங்கள் ஆபீஸுக்கு போன் செய்தாள். இவ்வளவு முக்கியமான காரணத்துக்காக யாரும் எங்களிடம் பெட்டி வாங்கியதில்லை. வியாழன் சாயங்கால நிகழ்ச்சியை ஒவ்வொரு வாரமும் தானாகப் பதிய வைத்தேன். வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னபோது, "இன்னைக்காவது அந்தப் பால் ஜோக்கைச் சொல்லாம வந்தீங்களா?" என்றாள். பேச்சை மாற்றினேன்.

அடுத்த வாரமே அவன் திரையில் வந்துவிட்டான். அதற்கடுத்த வாரமும். மழையில் சிக்னல் போகிறது என்று கூப்பிட்டபோது நான் போனேன். அவளே ரிமோட்டை எடுத்து ஓட்டி, அவன் முகம் வருகிற இடத்தில் டக்கென்று நிறுத்திக் காட்டினாள். எனக்கே அவ்வளவு சரியாக நிறுத்த வராது. நாற்பது வயதுக்குள் இருக்கிற, ஒல்லியான, நல்ல சிரிப்புள்ள ஆள். கோடு போட்ட நீலச் சட்டை.

"இந்தச் சட்டை எனக்குத் தெரியாதுண்ணா" என்றாள். "வீட்டுல இருந்ததில்லை. எல்லா வாரமும் இதையேதான் போட்டுட்டு வர்றாரு. ஒண்ணுதான் இருக்கும்போல. ஆனா காலரைப் பாருங்க, கஞ்சி போட்டு நிக்குது. யாரு துவைச்சுப் போடறாளோ."

கடைசி வாக்கியத்தை மட்டும் கொஞ்சம் தாழ்த்திச் சொன்னாள். ஆஸ்பத்திரியில் தினம் நானூறு விரிப்பு துவைத்துத் தேய்க்கிறவளுக்கு ஒரு சட்டைக் காலர் என்னவெல்லாம் சொல்லியிருக்கும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

"எப்பவும் அதே இடத்துலதான் உக்கார்றாரு. பக்கத்துல அந்தக் கண்ணாடிக்காரம்மா, அவங்களும் மாறறதே இல்லை."

"பஸ்லயும் அப்படித்தாம்மா" என்றார் கண்டக்டர். "தினம் வர்றவன் சீட்டை மாத்த மாட்டான். வேற எவனாவது உக்காந்துட்டா அன்னைக்கு முழுக்க மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவான்."

தேநீரும் ரொட்டியும் கொடுத்தாள். அவருக்கு ரொட்டியின் ஓரத்தை வெட்டி, தேநீரில் நனைத்து, அவித்த முட்டையோடு வைத்தாள். பல் கட்டியது சரியாக உட்காரவில்லையாம். "டிரைவர் சரியில்லைன்னா வண்டி எப்படி ஓடும்?" என்று தன் பல்லையே கிண்டல் செய்தார். அவள் சிரித்தாள். எனக்கு அந்த வீடு பிடித்துப்போயிற்று. அந்தப் பக்கம் வேலை இருந்தால் சும்மாவே படியேறுவேன்.

சனிக்கிழமைதோறும் நிகழ்ச்சியைப் படம் பிடிக்கிறார்கள் என்று விசாரித்து அவள் ஸ்டூடியோ வாசலுக்குப் போக ஆரம்பித்திருந்தாள். ஷிஃப்டை மாற்றிக்கொண்டு, காலை எட்டு மணிக்கே. கூட்டத்தை ஏஜெண்டு ஒருத்தன் வண்டியில் கொண்டுவந்து இறக்குவானாம். இறங்குகிறவர்களை ஒவ்வொருத்தராகப் பார்த்துக்கொண்டு நிற்பாள். கேட்காரன் முதலில் விரட்டினான், பிறகு பழகிவிட்டு உட்கார ஒரு பெட்டி கொடுத்தான்.

"ஒரு நாளும் கண்ணுல படலைண்ணா. ஆனா வியாழக்கிழமை பார்த்தா உள்ள உக்காந்திருக்காரு. வேற கேட்டு இருக்குமோ?"

"இருக்கும்மா, பெரிய கட்டடம்" என்றேன். எனக்குத் தெரியாத கட்டடத்துக்கு நான் ஒரு கேட்டைக் கட்டிக் கொடுத்தேன்.

இப்படி ஏழு மாதத்துக்கு மேல் போயிற்று.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவளிடமிருந்து அவசரமாக போன். பெட்டியில் இடம் இல்லை என்று திரையில் வருகிறதாம். இந்த வியாழன் பதியாதோ என்று பயம். நல்ல மழை. நனைந்துகொண்டு போனேன். அவள் துண்டு கொடுத்தாள். சாயங்கால ஷிஃப்டுக்கு யூனிஃபார்ம் போட்டுத் தயாராக இருந்தாள். கண்டக்டர் நாற்காலியில்.

பெட்டிக்குள் பார்த்தேன். முப்பத்திரண்டு வியாழக்கிழமைகள். ஒன்றுகூட அழிக்கவில்லை.

"பாதியை அழிச்சாத்தான்மா இடம் வரும்."

"எதை அழிக்கறது? எல்லாத்துலயும் இருக்காரே."

"எதுல நல்லாத் தெரியறாரோ அதை வெச்சுக்குவோம். மங்கலா இருக்கறதை எடுத்துருவோம்."

"அது நல்ல யோசனை" என்றாள்.

கண்டக்டர் மட்டும், "எதுக்கும்மா அழிச்சுக்கிட்டு? வேற பெரிய பெட்டியா மாத்தித் தாங்களேன் தம்பி" என்றார். இப்போது நினைத்தால் அந்த மனுஷன் எனக்கு ஒரு வழி விட்டிருக்கிறார். நான் கவனிக்கவில்லை. எனக்குப் புதிதாக ஒரு விஷயம் காட்ட வாய்ப்புக் கிடைத்திருந்தது.

"பெருசெல்லாம் வேண்டாம் சார். இந்த ரிமோட்டுல இன்னொரு வசதி இருக்கு, யாரும் தொடறதே இல்லை. நிறுத்திட்டு இதை ஒவ்வொரு தடவை அமுக்கினா, ஒவ்வொரு படமா நகரும். பாருங்க."

முதல் வாரத்தை எடுத்து அவன் முகத்தில் நிறுத்தி, மெதுவாக நகர்த்தினேன். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக விரிந்தது. பக்கத்தில் கண்ணாடிக்காரம்மா கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தாள். பின் வரிசையில் ஒரு மொட்டைத் தலைக்காரர் கொட்டாவி விட்டார். அடுத்து ஒன்பதாவது வாரம். சிரிப்பு விரிந்தது. கைக்குட்டை வந்தது. கொட்டாவி வந்தது. பதினேழாவது வாரத்திலும் மொட்டைத் தலைக்காரர் அதே இடத்தில் வாயைத் திறந்தார்.

ஒரே படம். என்றைக்கோ ஒருநாள் எடுத்த இரண்டு நொடிச் சிரிப்பை வாராவாரம் ஒட்டுகிறார்கள். மேடையில் ஜோக் மாறுகிறது, சிரிப்பு மாறவில்லை. அங்கேயே ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு, 'பெரிய பெட்டியா மாத்திடலாம் சார்' என்று சொல்லியிருக்கலாம். என் புத்திக்கு அது தெரிந்தது, கைக்குத் தெரியவில்லை. ஏழு வருஷப் பழக்கத்தில் கட்டைவிரல் பாட்டுக்கு அமுக்கிக்கொண்டே போயிற்று. அவன் முகத்தைத் தாண்டி, அவள் வழக்கமாக நிறுத்துகிற இடத்தைத் தாண்டி, கை தட்டுகிற இடம் வந்தது. ஓட்டத்தில் வெறும் கலங்கலாகத் தெரிகிற கைகள். இரண்டு தட்டுக்கு நடுவில் ஒரு படத்தில், அகல விரிந்து நின்றன.

அவள் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனாள்.

"இதை அப்படியே வைங்கண்ணா."

வைத்தேன். அவள் தன் விரலால் திரையைத் தொட்டு எண்ணினாள். ஒவ்வொரு விரலாக. வலது கையில் ஐந்து. ஐந்தும் முழுசு.

கீழே டயர் கடையில் யாரோ காற்றுப் பிடிக்கிற மெஷினை ஓட்டினார்கள்.

"மாமா" என்றாள், திரும்பாமல்.

"டிவில சரியாத் தெரியாதும்மா. வெளிச்சம் அப்படி இப்படிக் காட்டும்."

"வந்து எண்ணுங்க மாமா."

"எனக்குக் கண்ணு சரியில்லை."

"அன்னைக்கு வெட்டுப்பட்ட விரலைத் துணியில சுத்தி ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டு ஓடினது நீங்கதானே. எது போச்சு, எது இருந்துதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

அவர் நாற்காலிக் கையைத் தடவிக்கொண்டிருந்தார். நான் எழுந்துபோக வேண்டிய நேரம் அது. ஆனால் கதவு அவருக்குப் பின்னால் இருந்தது.

"விரல் போறதுக்கு முன்னாடி ஒருநாள்" என்று ஆரம்பித்தார். கண்டக்டர் குரல் எங்கோ போய்விட்டது. "உன்கிட்ட ஓவர்டைம்னு சொல்லிட்டுப் போனான். டிவில கூட்டத்துல உக்காந்து சிரிக்கறதுக்கு ஆள் எடுத்தாங்களாம். சாப்பாட்டுப் பொட்டலம் குடுத்தாங்களாம். வெள்ளைச் சட்டை கூடாதுன்னாங்கன்னு பட்டறையில கூட வேலை செய்யறவன்கிட்ட சட்டை இரவல் வாங்கிட்டுப் போயிருக்கான். வந்து என்கிட்ட மட்டும் சொன்னான். 'சும்மா சிரிச்சதுக்கு சோறு போட்டாங்கப்பா'ன்னு."

"அப்ப உங்களுக்கு முதல் நாளே தெரியும்."

"நீ அவன்தானான்னு கேட்டே. அவன்தான்னு சொன்னேன். அதுல பொய் என்னம்மா இருக்கு? எப்பன்னு நீ கேக்கலை."

அவள் இப்போதுதான் திரும்பினாள். கோபமாக இருப்பாள் என்று நினைத்தேன். கணக்குப் போடுகிற முகமாக இருந்தது.

"சனிக்கிழமை சனிக்கிழமை கேட்டுல போய் நின்னேனே மாமா."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மழை வர்ற மாதிரி இருக்கு, குடையை எடுத்துட்டுப் போம்மான்னு எடுத்துக் குடுத்தீங்களே."

"நனைஞ்சிருவியேன்னுதான்…"

தான் சொன்னது அவருக்கே கேட்டிருக்க வேண்டும், நிறுத்திக்கொண்டார். பிறகு ஒரேயடியாகக் கொட்டினார். "பையைக் கட்டி வாசல்ல வெச்சிருந்தியேம்மா. நீயும் போயிட்டா எனக்கு யாரு இருக்கா? அவன் இருக்கான்னு நெனைச்சா நீ இங்கயே இருந்துருவேன்னு தோணுச்சு. ஒரு வாரம் போகட்டும், சொல்லிரலாம்னு பார்த்தேன். அடுத்த வியாழன் அவன் மறுபடி வந்துட்டான். நீ முகத்தைக் கழுவிட்டு வந்து உக்காந்தே. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?"

"இருன்னு சொல்லியிருக்கலாம் மாமா" என்றாள். "எனக்கு யாரும் இல்லை, இரும்மான்னு. ஒரு வார்த்தை. இருந்திருப்பேன்."

திரையில் அவர் மகன் கையை விரித்தபடி நின்றிருந்தான். எனக்கு டிவியை அணைக்க வேண்டும்போல இருந்தது, கை வரவில்லை.

அவள் என்னிடம் வந்து ரிமோட்டை வாங்கிக்கொண்டாள். "எப்படிண்ணா அழிக்கறது?"

காட்டினேன். சிவப்புப் பொத்தான். 'நிச்சயமாக அழிக்கவா?' என்று பெட்டி கேட்கும். ஆம் என்று சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் ஒரே அமுக்கில் அழிக்கவும் ஒரு வழி இருக்கிறது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வசதியைச் சொல்லாமல் விட்டேன். நடுவில் மனசு மாறினால் ஏதாவது மிச்சம் இருக்கட்டும் என்று.

மாறவில்லை. ஒவ்வொரு வாரமாக அழித்தாள். நிச்சயமாகவா, ஆம். நிச்சயமாகவா, ஆம். விரிப்புகளை மெஷினுக்குள் கொடுக்கிற வேகத்தில். இருபதைத் தாண்டியபோது கண்டக்டர், "ஒண்ணையாவது விடும்மா" என்றார்.

முப்பத்தொன்று ஆனதும் அவள் நிறுத்தினாள். மேஜையில் இருந்த சாப்பாட்டு டப்பாவை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

"ஒண்ணு இருக்கு. அது உங்களுக்கு" என்றாள். "முட்டை அவிச்சு வெச்சிருக்கேன். எனக்கு ஷிஃப்டுக்கு நேரமாச்சு."

படியிறங்கிப் போனாள். குடையை எடுத்துக்கொள்ளவில்லை. அவர் அதைச் சொல்லவும் இல்லை.

இரண்டு வாரம் கழித்து அந்த விலாசம் என் பட்டியலில் வந்தது. இணைப்பு வேண்டாம், பெட்டியைக் கழற்றவும். வேறு ஆளை அனுப்பச் சொல்லி மேனேஜரிடம் கெஞ்சினேன். "ரிமோட்டுக்கு என்ன திடீர்னு வெக்கம்?" என்றான்.

கண்டக்டர்தான் கதவைத் திறந்தார். "வாங்க" என்று மட்டும் சொன்னார். இஸ்திரி மேஜை இருந்த இடத்தில் தரை வெளுப்பாகத் தெரிந்தது. ஸ்டூலின் மேல் பாதி கடித்த ரொட்டி, ஓரம் வெட்டாதது.

"அக்கா ஊருக்குப் போயிட்டா" என்றார். "ஞாயித்துக்கிழமை பஸ். நானே போய் ஏத்திவிட்டேன். ஜன்னலோர சீட்டு பார்த்து உக்கார வெச்சேன். போயிட்டு வர்றேன்னு சொன்னா. மரியாதையான பொண்ணு."

"போன் பண்ணாங்களா சார்?"

"சேர்ந்துட்டேன்னு பண்ணா. சாப்பிட்டீங்களான்னு கேட்டா. சாப்பிட்டேன்னேன். அதுக்கு மேல ரெண்டு பேருக்கும் பேச்சு வரலை."

நான் கம்பியைக் கழற்றப் போனவன் நின்றேன். "சார், ஒண்ணு சொல்லணும். அவங்க உங்களுக்குன்னு விட்ட வாரம் உள்ள இருக்கே, அது இந்தப் பெட்டியிலதான் ஓடும். வேற எதுலயும் மாத்த முடியாது. ஆபீஸுக்குப் போனா எல்லாத்தையும் துடைச்சிட்டு வேற வீட்டுக்கு மாட்டிருவாங்க. வேணும்னா கொஞ்ச நாள் பெட்டி இங்கயே இருக்கட்டும், நான் ஏதாவது காரணம் எழுதிக்கறேன்."

"வேண்டாம் தம்பி."

"உங்க பிள்ளை சார்."

"அவளோட உக்காந்து பார்க்கறப்ப பிள்ளையாத்தான் இருந்தான்" என்றார். "தனியாப் பார்த்தா, என்னைப் பார்த்துச் சிரிக்கற மாதிரி இருக்கு. எடுத்துட்டுப் போங்க."

கழற்றினேன். பெட்டியைப் பையில் வைத்தேன். ஏதாவது ஜோக் சொல்லலாமா என்று தேடினேன். என்னிடம் இருந்தது அந்தப் பால் ஜோக் ஒன்றுதான். கும்பிட்டுவிட்டு இறங்கினேன்.

இரண்டாவது மாடி திரும்புகிற இடத்தில் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். கையில் ரிமோட்.

"இதை விட்டுட்டீங்க. இதுவும் உங்களோடதுதானே."

"ஆமா சார்" என்று கை நீட்டினேன்.

கொடுக்கப் போனவர் கையை இழுத்துக்கொண்டார். ரிமோட்டைத் திருப்பி, பின்பக்க மூடியைக் கட்டைவிரலால் தள்ளித் தள்ளித் திறந்தார். விரல்களால் இரண்டு பேட்டரிகளையும் நெம்பி வெளியே எடுத்தார். ஒன்று விழுந்து படியில் உருண்டது. நான் குனிந்து எடுத்துக் கொடுத்தேன்.

"இது அவ வாங்கிப் போட்டது" என்றார்.

மூடியைப் பொருத்தி ரிமோட்டை என்னிடம் கொடுத்தார். பேட்டரிகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி மேலே ஏற ஆரம்பித்தார்.